தொடர்நிலைச் செய்யுள்

தனித்து நின்று பொருள் முடியும் செய்யுள் ஒரு வகை. ஒன்றோடொன்று தொடர்ந்து நிற்கும் செய்யுள் மற்றொரு வகை. முன்னதை முத்தகம் என்றும், பின்னதைத் தொடர்நிலை என்றும் தண்டியலங்காரம் வழங்குகின்றது. தொடர்நிலையும் இரு திறப்படும். ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் முதலாக வரும் அந்தாதி, சொல்லால் தொடர்வது. கதையே கயிறாக நின்று பாக்களைப் பிணிக்குமாயின் அது பொருளால் தொடர்வது. காப்பியங்கள் எல்லாம் இவ்வினத்தைச் சேர்ந்தனவே.

பெருங்காப்பியத்துக்கு உரிய உறுப்புக்களையும் அந்நூல் விரித்துரைக்கின்றது. தொடக்கத்தே வாழ்த்தோ, வணக்கமோ, உரைக்கும் பொருளோ அமைதல் வேண்டும். தனக்கு ஒப்பாரில்லாத தலைவன் ஒருவன் வேண்டும். அறம் முதலிய நாற்பொருளும் பயத்தல் வேண்டும். மலை, கடல், நாடு, நகர், பருவம் முதலியவற்றின் வருணனை வேண்டும். இவ்விலக்கணத்தை மனப்பாடஞ் செய்த மாணவன் ஒருவன் சிலப்பதிகாரத்தைக் கையில் எடுப்பானாயின் சிறிது திகைப்பான். அக்கதை அரசனைப் பற்றியதன்று. ஒரு வணிகனையும் அவன் மனைவியையும் பற்றியது. அவ்வணிகனோ, நூலின் 30 பகுதிகளுள் 16ஆவதிலேயே மாண்டொழிகின்றான். இலக்கணம் கூறியவாறு இலக்கியம் அமையவில்லையே எனின், தண்டியலங்காரம் வடமொழி அணிநூலைத் தழுவிப் பிற்காலத்தே எழுந்தது. சிலம்போ அதற்குப் பன்னூறாண்டு முற்பட்டது. பின் வந்த அளவுகோலால் முன் வந்ததை அளந்து குறை கூறுதல் முறையன்று.

அங்ஙனமாயின், கதை கூறும் செய்யுளின் உயிர்நிலை யாது? எதனை விரிப்பது, எதனைச் சுருக்குவது, எதனை எப்பொழுது சொல்லுவது என்னும் தெரிவே எனல் பொருந்தும். இளங்கோவடிகள் மதுரைக் காண்டத்தில் செய்திருக்கும் அமைப்பை நோக்குக.

மணிமேகலைக்குப் பெயரிட்ட விழா காவிரிப்பூம்பட்டினத்தில் நிகழ்ந்தது. அவ்விழாவில் தானம் பெற வந்த முதிய அந்தணன் ஒருவனை மதயானை பற்ற, கோவலன் பாய்ந்து அவனை விடுவித்தான். ஆயினும் இவை புகார்க் காண்டத்தில் கூறப்படவில்லை. மதுரையின் புறஞ்சேரியில், மாடலன் என்னும் மறையோன் வாயிலாக, அடைக்கலக் காதையிலேயே வெளிப்படுகின்றன. அதற்கு அடுத்தது கொலைக்களக் காதை. அதுகாறும் மனைவியைப் பிரிந்து பொருளைத் தொலைத்தவனாகவே நாம் கண்ட கோவலனை, பிறர்க்காகத் தன்னுயிரையும் பொருட்படுத்தாத அருளாளனாக அங்கே காண்கின்றோம். கண்ட சிறு பொழுதிலேயே இழக்கின்றோம். அந்நிகழ்ச்சி காலமுறைப்படி முன்னரே வைக்கப்பட்டிருப்பின், கொலை நிகழும்போது படிப்போர் அதனை மறந்தேயிருப்பர்.

கொலையும் மிகச் சில அடிகளில் முடிந்துவிடுகின்றது. கோவலனது தோற்றத்தைக் கண்டு, இவன் கொலைக்கு உரியவன் அல்லன் என்று காவலன் ஒருவன் கூறுகின்றான். பொற்கொல்லன் களவு நூலை விரித்துப் பேசுகின்றான். அவன் பேச்சுத்தான் நீள்கின்றது. இறுதியில், கல்லாத குடிமயக்கத்தான் ஒருவன் வாளை வீசுகின்றான், அவ்வளவே. உடனே காட்சி ஆயர்சேரிக்கு மாறுகின்றது. அங்கே, பால் உறையாமை முதலிய தீய நிமித்தங்களைக் கண்ட மாதரி, கண்ணகி காணக் குரவை ஆடுவிக்கின்றாள். கோவலன் இறந்தமையை நாம் அறிவோம். ஆடும் மகளிர் அறியார். அருகிருக்கும் கண்ணகியும் அறியாள். வேறொரு வேளையில் செவிக்கு இனிக்கும் அக்குரவைப் பாட்டு, அவ்விடத்தில் நெஞ்சைப் பிசைகின்றது. துயரத்தைப் பாடாமலே துயரத்தை விளைத்த இவ்வமைப்புக்கு ஈடு காண்டல் அரிது.

பின்னர், ஊருக்குள் செய்தி கேட்டு விரைந்து வந்த ஒருத்தி, வாய்திறந்து சொல்லமாட்டாமல் நிற்கின்றாள். கண்ணகி தோழியை வினவத் தொடங்குகின்றாள். நூலில் பெரிதும் பயின்று வரும் அகவலோசை அங்கு இல்லை. விட்டுவிட்டு எழும் அழுகுரல் போல ஓசையும் மாறிவிடுகின்றது. கதையின் நிலைக்கேற்பப் பாவை மாற்றும் இவ்வுரிமை, மணிமேகலையை இயற்றிய சாத்தனார் மேற்கொள்ளாதது. அவர் 30 காதைகளையும் அகவலிலேயே நடத்திச் செல்கின்றார்.

சீவக சிந்தாமணி முதலாக விருத்தம் காப்பியத்துக்குரிய பாவினமாயிற்று. அகவல் ஆறு போல் இடையறாது ஓடுவது. விருத்தம் நான்கடியில் நின்று நின்று செல்வது. ஒவ்வொரு பாட்டும் ஓர் ஓவியம் போல் முடிந்து நிற்றலின், வருணனைக்கு அது மிகவும் ஏற்றது. கம்பர் அவ்விருத்தத்தைக் கொண்டே போரையும் புலம்பலையும் வெவ்வேறு சந்தங்களில் ஒலிக்கச் செய்தார். ஏட்டுக் காப்பியங்கள் இங்ஙனம் வளர, எழுத்தறியாத மக்களும் கதைப்பாட்டை இழந்தாரல்லர். அம்மானையும் வில்லுப்பாட்டும் அவர்க்கு உரியன. அவற்றிலே ஒரே தொடர் மீண்டும் மீண்டும் வருதல் குற்றமன்று. கேட்போர் கதையை விட்ட இடத்தில் பற்றிக்கொள்ள அது துணை செய்கின்றது.

பாரதியார் பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகத்தை 1912இல் வெளியிட்டார். பொதுமக்கள் எளிதில் விரும்பும் மெட்டுக்களில், நொண்டிச்சிந்து முதலியவற்றில், அது பாடப்பட்டது. பாரதம் கடல்போற் பரந்தது. அவரோ சூதாட்டத்தையும் அதன் விளைவையும் மட்டும் எடுத்துக்கொண்டார். பதினெட்டு நாட் போரை அவர் பாடவில்லை. விரித்த கூந்தலோடு பாஞ்சாலி சபதம் உரைத்தவுடன் கதையை நிறுத்திவிட்டார்.