பிள்ளையின் ரோபோவைத் தொடாதீர்கள்

பிடோக்கில் சனிக்கிழமை ரோபோ வகுப்புக்குத் தொண்டூழியர்களாக வர முன்வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! உங்களில் பலர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறவர்கள். நிரல் எழுதுவதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அதனால் நிரலைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. பத்து வயதுப் பிள்ளையோடு ஒரே மேசையில் எப்படி உட்காருவது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

1. பிள்ளையின் ரோபோவைத் தொடாதீர்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். வண்டி நேராகப் போகாமல் இடப்பக்கம் இழுக்கும். சக்கரம் அச்சில் உரசுகிறது என்பது உங்களுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். கை தானாக நீளும். நீட்டாதீர்கள். நீங்கள் சரிசெய்துகொடுத்த வண்டி ஓடத்தான் செய்யும், ஆனால் ஏன் ஓடுகிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. நம் பிள்ளைகள் வாரம் முழுவதும், சரியான விடை எங்கோ ஒரு தாளில் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது என்ற நினைப்போடு படிக்கிறார்கள். பிஎஸ்எல்இ நெருங்க நெருங்க அந்த நினைப்பு இறுகிப்போகிறது. நம் வகுப்பின் இரண்டு மணி நேரத்தில் விடை ஆசிரியரிடம் கிடையாது, தரையில் இருக்கிறது. வண்டியை ஓடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அந்த அனுபவம் அவர்களுக்கு வேறெங்கும் எளிதில் வாய்ப்பதில்லை. பேசியே ஆக வேண்டும் என்று தோன்றினால் கேள்வியாகக் கேளுங்கள். "எந்தச் சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது? அதை எப்படிக் கண்டுபிடிப்பாய்?" அவ்வளவு போதும்.

உலக ரோபோ ஒலிம்பியாட் முதன்முதலாக 2004இல் நம் சிங்கப்பூரில்தான் நடந்தது. அதில் ஓர் அணிக்கு இரண்டு அல்லது மூன்று பிள்ளைகள். போட்டி நடக்கும் இடத்துக்குள் பயிற்றுவிப்பாளர் நுழையக் கூடாது. போட்டியன்று காலை, யாரும் எதிர்பாராத புது விதி ஒன்றையும் அறிவிப்பார்கள். நீங்களே கட்டிக்கொடுத்த ரோபோவோடு போகும் பிள்ளை அந்த நிமிடத்தில் என்ன செய்யும்? யோசித்துப் பாருங்கள்.

2. ஓடவிடுவதற்கு முன் ஊகத்தை எழுதச் சொல்லுங்கள். 2020 முதல் தொடக்கப்பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் "கோட் ஃபார் ஃபன்" வகுப்பு 10 மணி நேரம் நடக்கிறது. ஆகவே திரையில் கட்டங்களை இழுத்துப் பொருத்தப் பெரும்பாலானோருக்கு ஏற்கெனவே தெரியும். அதனாலேயே வேகமாக இழுத்து, வேகமாக அழுத்தி, சரிவரவில்லை என்றால் எண்ணைக் கண்டபடி மாற்றுவார்கள். அங்கேதான் நிறுத்த வேண்டும். சக்கரத்தின் விட்டம் 5.6 சென்டிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு வண்டி எவ்வளவு தூரம் போகும்? ஏறத்தாழ 17.6. ஒரு மீட்டர் போக எத்தனை சுற்று? ஐந்தரைக்குச் சற்று மேல். தொடக்கநிலை 6இல் வட்டத்தின் சுற்றளவு படித்த பிள்ளை தாளில் கணக்குப் போடட்டும். படிக்காத பிள்ளை சக்கரத்தைச் சுற்றி நூல் வைத்து அளக்கட்டும். பிறகு ஓடவிட்டு, அளவுநாடாவை விரியுங்கள். ஊகத்துக்கும் தரைக்கும் இடையே மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசலாம். பேசுங்கள்.

3. நிரல் புரியாத பிள்ளையை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். ஒருவர் ரோபோ, மற்றவர் கட்டளையிடுபவர். "மூன்று அடி முன்னே, வலப்பக்கம் திரும்பு." எவ்வளவு திரும்ப வேண்டும் என்று சொல்லாவிட்டால் ரோபோ அசையாமல் நிற்க வேண்டும். சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய தோழர்களும் 1967இல் லோகோ நிரல்மொழியை உருவாக்கினார்கள். கட்டளைக்கேற்ப நகரும் அதன் ஆமையைப் புரிந்துகொள்ளப் பிள்ளை தானே ஆமையாகி நடந்து பார்க்கட்டும் என்பது பேப்பர்ட்டின் வழி. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை.

4. நேற்று ஓடியது இன்று ஓடாது. பிள்ளை அழும் தறுவாய்க்கு வரும். அது பிள்ளையின் தவறாக இல்லாமல் இருக்கலாம் என்பதை நீங்கள் முதலில் நம்புங்கள். பிறகு மூன்று இடங்களில் தேட வழிகாட்டுங்கள்.

முதலில் பேட்டரி. "இரண்டு நொடி முன்னே போ" என்று எழுதிய நிரல், பேட்டரி தளர்ந்தால் குறைந்த தூரமே போகும். சாதாரண பேட்டரி நான்கு சேர்ந்தால் 6 வோல்ட். மறுபடி மின்னேற்றும் வகை நான்கு சேர்ந்தால் 4.8 வோல்ட்தான். நொடிக்கணக்கைவிடச் சுற்றுக்கணக்கு நம்பகமானது என்பதைப் பிள்ளை அப்போது தானாகவே கண்டுகொள்ளும்.

அடுத்தது வெளிச்சம். கறுப்புக் கோட்டைப் பின்பற்றும் வண்டி, தரையிலிருந்து எதிரொளிக்கும் ஒளியை அளக்கிறது. கறுப்பில் 8, வெள்ளையில் 62 என்று வந்தால் எல்லையை நடுவே 35இல் வைப்போம். சன்னலோர மேசையில் பிற்பகல் வெயில் விழுந்ததும் இரண்டு எண்ணுமே மாறிவிடும். வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் ஓட்டினால் ஓடுகளுக்கு இடையே உள்ள கோட்டையும் வண்டி பாதை என்று எடுத்துக்கொள்ளும். இடம் மாறும்போதெல்லாம் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, எதிரே இருக்கும் பொருள். தூரம் அளக்கும் சென்சார் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தைக் கணக்கிடுகிறது. 17 சென்டிமீட்டர் தள்ளியுள்ள சுவரில் பட்டுத் திரும்ப ஆயிரத்தில் ஒரு நொடி. சுவருக்குப் பதில் துணிப்பை இருந்தால் ஒலியைத் துணி விழுங்கிவிடும். சாய்ந்த அட்டை இருந்தால் ஒலி வேறு பக்கம் தெறித்துவிடும். வண்டி போய் மோதும். பள்ளிப்பையை எதிரே வைத்து நீங்களே வேண்டுமென்று ஒருமுறை மோதவிடுங்கள். பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

5. பெண்பிள்ளைகளைக் கவனியுங்கள். மூவர் அணியில் ஒரு பெண்பிள்ளை இருந்தால் பதிவேடு எழுதுவதும் ஸ்டிக்கர் ஒட்டுவதும் மெல்ல அவள் தலையில் வந்து விழும். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, ஆனால் நடக்கிறது. கட்டுபவர், நிரல் எழுதுபவர், அளப்பவர் என்று வேலையைப் பிரித்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கூச்ச சுபாவமுள்ள பையனுக்கும் இதே முறை உதவும்.

6. விலையுயர்ந்த பெட்டி இல்லையே என்று வருந்தாதீர்கள். பேப்பர்ட் 1980இல் எழுதிய நூலின் பெயரையே தாங்கி 1998இல் வந்த லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையை 2022 முடிவில் நிறுத்திவிட்டார்கள். கருவிகள் வரும், போகும். மைக்ரோபிட் பலகை ஒன்று, இரண்டு மோட்டார், அட்டைப்பெட்டி, ரப்பர் வளையம் இருந்தால் நல்ல வண்டி செய்யலாம். உதிரிப் பாகங்களுக்கு லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஜாலான் புசாரில் சிம் லிம் டவர் இருக்கிறது. பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள், கடைக்காரரிடம் அவர்களே கேட்டு வாங்கட்டும். பழைய வானொலியை வாங்கிவந்து பிரித்துப் பார்க்க சுங்கை ரோடு சந்தை இருந்தது. 2017 ஜூலையில் அதை மூடியதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

7. பொத்தான் பேட்டரியை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குங்கள். கூடவே வரும் குட்டித் தம்பி தங்கை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். இதில் தயவு தாட்சண்யம் கூடாது.

8. தமிழில் பேசுங்கள். வீட்டிலும் ஆங்கிலமே பேசும் பிள்ளைகள் பலர். சென்சார், மோட்டார் என்ற சொற்கள் அப்படியே இருக்கட்டும். "ஏன் இப்படி ஆச்சு?", "நீ சொன்னது தப்பு, அளந்து பார்" என்ற வாக்குவாதம் தமிழில் நடக்கட்டும். தேர்வுக்காக அல்லாமல், தனக்கு வேண்டிய ஒன்றுக்காகப் பிள்ளை தமிழில் சண்டை போட வேண்டும்.

9. தொடக்கநிலை 6 பிள்ளைகள் ஆண்டின் நடுவில் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். துணைப்பாட வகுப்பு இருக்கும், பெற்றோருக்குக் கவலை இருக்கும். அந்த அம்மா அப்பாவிடம் வாதாடாதீர்கள், பிள்ளையைக் குற்றவுணர்வோடு அனுப்பாதீர்கள். பாதியில் நின்ற வண்டியைப் பிரிக்காமல் பெயர் எழுதி அலமாரியில் வையுங்கள். தேர்வு முடிவு நவம்பரில் வந்துவிடும். டிசம்பர் விடுமுறையில் அவர்களுக்கென்றே சில சனிக்கிழமைகளை ஒதுக்கி, இப்போதே அறைக்கு முன்பதிவு செய்துவிடுங்கள்.