பழைய லெப்டொப்பும் லினக்ஸும்

கேள்வி: 4 ஜிபி ரேம் உள்ள பழைய லெப்டொப் ஒன்று வீட்டில் இருக்கிறது. விண்டோஸ் 11 ஏற்காது என்கிறார்கள். மகள் உயர்தரம் படிக்கிறாள். புதிது வாங்க வசதியில்லை. லினக்ஸ் சரிவருமா? (வாசகர், ஹாலிஎல)

பதில்: தாராளமாகச் சரிவரும். விண்டோஸ் 10இலேயே தொடரலாம் என்றாலும், அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. உங்களுக்கு ஏற்றது லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 4 ஜிபி ரேமில் சிரமமின்றி ஓடும்.

கையில் சிறிது பணமிருந்தால் முதலில் பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றி 240 ஜிபி அளவில் ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். வேகத்தில் பெரிய வித்தியாசம் அதில்தான் தெரியும்.

மின்ட்டை நிறுவுவதற்கான கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. டேட்டா வீணாகாமல், தெரிந்தவரிடம் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றித் தரச் சொல்லுங்கள். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயக்கி, வைஃபை, ஒலி, கமரா வேலை செய்கின்றனவா எனப் பாருங்கள். நிறுவும்போது டிஸ்க் அழிக்கப்படலாம். பாடக்குறிப்புகளையும் படங்களையும் முன்பே வேறிடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்ய, ஐபஸ் (IBus) என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக ரெங்கநாதன் விசைப்பலகையைச் சேர்க்கலாம். லிப்ரே ஒஃபிஸ் என்ற அலுவலக மென்பொருள் வேர்ட் கோப்புகளைத் திறக்கும். பக்க அமைப்பு சற்றுக் குலையலாம் என்பதால், பாடசாலைக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள்.