வாக்கியத்துக்கும் ஓர் அடையாள எண்

மாணவர்களே, குழுவாக இடுபணி எழுதும்போது இப்படி நடப்பதுண்டு. "7ஆவது வாக்கியத்தில் ஆண்டு தவறு, திருத்திவிடு" என்று நண்பர் செய்தி அனுப்புகிறார். நீங்கள் கோப்பைத் திறப்பதற்குள் இன்னொருவர் தொடக்கத்தில் புதிய வாக்கியம் ஒன்றைச் சேர்த்துவிட்டார். பழைய 7 இப்போது 8 ஆகிவிட்டது. நீங்கள் திருத்தப்போவதோ சரியாக இருந்த வேறொரு வாக்கியத்தை! காரணம், 7 என்பது இடத்துக்குரிய எண். வாக்கியத்துக்குரிய எண் அன்று.

முகவரி வேறு, அடையாளம் வேறு

கிள்ளானில் பிறந்த ஒருவர் பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிபெயர்ந்தால் அவருடைய முகவரி மாறும். அடையாள அட்டையின் 12 இலக்க எண் மாறுமா? மாறாது. முதல் 6 இலக்கங்கள் பிறந்த நாளையும் அடுத்த 2 இலக்கங்கள் பிறந்த இடத்தையும் குறிக்கின்றன. அவர் எங்கே வசிக்கிறார் என்பது அந்த எண்ணில் இல்லை. அதனால்தான் அது நிலைக்கிறது.

திருக்குறளுக்கு வரிசை எண்ணே போதுமானதாக இருக்கிறது. 391 என்றால் 40ஆம் அதிகாரமான கல்வியின் முதல் குறள். 1330 குறள்களோடு நூல் முடிந்துவிட்டதால் இடையில் எதுவும் புகுவதில்லை. ஆனால் பழைய உரையாசிரியர்கள் சிலர் குறள்களை வேறு வரிசையில் வைத்துள்ளனர். பரிமேலழகர் வரிசையைப் பொதுவாக ஏற்றுக்கொண்டதால்தான் இன்று 391 என்றதும் எல்லாரும் ஒரே குறளுக்குச் செல்கிறோம்.

வளரும் ஆவணத்துக்கு என்ன வழி? நம் கூட்டரசு அரசியலமைப்பைப் பாருங்கள். 1988இல் 121ஆவது விதியில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தபோது அதற்கு 121(1ஏ) என்று எண் கொடுத்தார்கள். அடுத்துள்ள (2), (3) ஆகியவற்றின் எண்களைத் தொடவில்லை. தொட்டிருந்தால், அவற்றைச் சுட்டும் பழைய தீர்ப்புகளும் நூல்களும் தவறான இடத்தைக் காட்டியிருக்கும்.

கணினியில் எப்படி?

கணினிச் சுட்டியை உருவாக்கிய டக்ளஸ் எங்கல்பார்ட்டின் குழு, என்.எல்.எஸ். என்ற அமைப்பையும் வளர்த்தெடுத்தது. அதில் ஒவ்வொரு கூற்றுக்கும் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று, இடம் மாறினால் மாறும் எண். மற்றது, எங்கே நகர்ந்தாலும் மாறாத எண். நிலையான எண்ணுக்கு மூன்று விதிகள் தேவை:

1. வாக்கியம் பிறக்கும்போதே எண் கொடுக்க வேண்டும்.
2. இடம் மாறினாலும் எண் மாறக்கூடாது.
3. வாக்கியத்தை நீக்கினால், அதன் எண்ணை வேறொன்றுக்குத் தரக்கூடாது.

இருவர் இணையத் தொடர்பின்றித் தனித்தனியே எழுதினால் இருவருமே 41 என்ற எண்ணைக் கொடுத்துவிடலாம். இதைத் தவிர்க்க 128 பிட் நீளமுள்ள யுயுஐடி எண்கள் உதவுகின்றன. அவற்றுள் ஒரு வகையில் 122 பிட்டுகள் சமவாய்ப்பு முறையில் அமைகின்றன. கிடைக்கக்கூடிய எண்களின் எண்ணிக்கை 5ஐ அடுத்து 36 சுழியங்களைவிட அதிகம். ஆகவே, இருவருக்கும் ஒரே எண் அமைவது நடைமுறையில் நிகழாது என்றே கொள்ளலாம்.

இன்னொரு சிக்கல், வாக்கியம் எங்கே முடிகிறது என்பது. "அக்கா எஸ்.பி.எம். தேர்வு எழுதினார்." இதில் 4 புள்ளிகள் உள்ளன, வாக்கியமோ ஒன்றுதான். புள்ளியை மட்டும் நம்பும் கணினி ஏமாந்துவிடும். பத்தி அப்படியன்று, என்டர் விசையை அழுத்திய இடத்தில் முடிகிறது. மைக்ரோசாப்ட் வேர்ட் தன் கோப்புக்குள் அடையாள எண் கொடுப்பதும் பத்திகளுக்குத்தான்.

ஓர் எச்சரிக்கை

"இந்தக் காளானை உண்ணலாம்" என்பதை யாரோ "உண்ணக்கூடாது" என்று திருத்துகிறார். எண் அதேதான், பொருளோ தலைகீழ். எது அந்த வாக்கியம் என்பதைத்தான் எண் சொல்லும். அது இன்று என்ன சொல்கிறது என்பதைச் சொல்லாது. ஆகவே மேற்கோள் காட்டும்போது எண்ணோடு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

பத்து வாக்கியங்களைப் பத்து அட்டைகளில் எழுதி எண்ணிடுங்கள். பிறகு அவற்றைக் கலையுங்கள், ஒன்றை நீக்குங்கள், புதிதாக ஒன்றைச் சேருங்கள். மூன்று விதிகளும் நிற்கின்றனவா? கடைசியாக, இரண்டு வாக்கியங்களை ஒன்றாக இணையுங்கள். அதற்கு எந்த எண்ணைக் கொடுப்பீர்கள்? ஏன்? உங்கள் குழுவில் விவாதியுங்கள்.