கிராமத் தொழிலைக் கைமாற்றும் முறை

நெல் அரவை ஆலையோ எண்ணெய்ச் செக்கோ தொடங்க விரும்புவோருக்கு யோசனை கூறப் பலர் உளர். அதனை இருபது, முப்பது ஆண்டுகள் நடத்திய பின்னர் அதினின்று விலகுவது எங்ஙனம் என்று கூறுவோர் மிகச் சிலரே. உரிமையாளர் திடீரெனக் காலமானால் ஆலை பூட்டப்படுகிறது. வாரிசுகளுக்குள் வழக்கு நேருகிறது. இயந்திரம் துருவேறிப் பழைய இரும்பின் விலைக்குப் போகிறது. பின்னர் நிலக்கடலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குச் செல்ல வேண்டியவர்கள் நம் விவசாயிகளே. ஆகையால், இஃது ஆலை முதலாளியின் சொந்த விஷயம் என்று ஊராட்சி உறுப்பினர்கள் வாளாவிருத்தல் கூடாது.

ஒருவர் தம் தனிப்பெயரில் நடத்தும் தொழிலுக்குச் சட்டத்தில் அவரினின்று வேறான உருவம் கிடையாது. அவர் மறைந்தால் கட்டடமும் இயந்திரமும் வாரிசுகளைச் சேரும்; சரக்கு சேவை வரிப் பதிவு சேராது. தொழிலைத் தொடர்பவர் புதிதாகப் பதிவு பெறவேண்டும். உயில் இல்லாவிடில், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், தாயார் ஆகியோருக்குச் சமபாகம் உண்டு. ஆலையில் உடனிருந்து உழைத்த மகனுக்கே ஆலை முழுவதும் என்பது நம்மவர் எண்ணம். சட்டம் அவ்வாறு கூறவில்லை. அவனுக்கே ஆலை சேரவேண்டுமெனில், மற்றவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதையும் முடிவுசெய்து, இரு சாட்சிகள் கையொப்பமிட்ட உயில் எழுதிவைத்தல் வேண்டும்.

கூட்டுத் தொழிலிலும் இடர் உண்டு. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு ஷரத்து இல்லாவிடில், ஒரு கூட்டாளியின் மரணத்தோடு கூட்டே கலைந்துவிடும். உயிரோடிருக்கையில் விலகுபவர் பொது அறிவிப்புக் கொடுக்கவேண்டும். கொடுக்கத் தவறினால், பின்னர் ஏற்படும் கடனுக்கும் அவர் பொறுப்பாளியாக நேரும்.

விற்பதாயின் விலை என்ன? கணக்கில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் லாபம் தெரிவதாகக் கொள்வோம். உரிமையாளர் நாள்முழுதும் தாமே ஆலையில் நிற்கிறார். அவருக்குப் பதிலாக மாதம் 15,000 ரூபாயில் ஓர் ஆளை நியமித்தால் 1,80,000 கழிந்துபோகும். வாங்குபவர் கண்ணுக்கு லாபம் 1,20,000தான்! வரிக்கு அஞ்சி வரவைக் குறைத்து எழுதியிருந்தாலோ அதுவும் தெரியாது. அத்தகையவருக்கு இரும்பு விலையும் மனை விலையுமே கிடைக்கும். ஆதலின், விலகுவதற்கு மூன்று ஆண்டுகளேனும் முன்னதாகக் கணக்கைச் செம்மையாக எழுதத் தொடங்கவேண்டும்.

எந்தப் பாகம் எப்போது தேயும், யார் எவ்வளவு பாக்கி என்பனவெல்லாம் உரிமையாளர் ஒருவரின் மனத்திலேயே இருப்பது மற்றொரு குறை. அவற்றைப் பேரேட்டில் எழுதிவைத்து, ஒரு மாதகாலம் ஆலைப்பக்கமே செல்லாமலிருந்து பார்க்கலாம். இந்தச் சோதனைக்குச் செலவில்லை. ஆயினும் இதற்கு இசையும் முதலாளியைக் காண்பது அரிது.

முழுத் தொழிலையும் நடக்கும் நிலையிலேயே ஒருவருக்கு மாற்றிக்கொடுத்தால், அம்மாற்றத்துக்குச் சரக்கு சேவை வரி விலக்கு உண்டு. வரிப்பதிவு பெற்றவர் இயந்திரங்களைத் தனித்தனியே விற்றால் வரி வரும். விற்றவரே அடுத்த தெருவில் வேறோர் ஆலை வைத்துவிடுவாரோ என்று வாங்குபவர் ஐயுறுவது இயல்பு. தொழிலில் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. எனினும், தொழிலின் நற்பெயரையும் சேர்த்து விற்கையில், நியாயமான குறிப்பிட்ட எல்லைக்குள் போட்டித் தொழில் நடத்துவதில்லை என்று எழுதிக்கொள்ள 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவு இடமளிக்கிறது.

வாரிசும் இல்லை, உடனே வாங்குவோரும் இல்லையெனில், ஆலையில் பழகிய தொழிலாளிக்கோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கோ முதலில் இரண்டாண்டுக் குத்தகைக்கு விடலாம். ஆலையின்மீது வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் எழுத்துமூலமான சம்மதத்தை முன்கூட்டியே பெறவேண்டும். மின் கட்டணத்தையும் பழுதுபார்க்கும் செலவையும் யார் ஏற்பது என்பதைக் குத்தகைப் பத்திரத்திலேயே குறித்துவிடுதல் அவசியம்.