பெரிய டைனமோ மட்டும் போதுமா?
(அறிவியல் பகுதி: படகும் மின்சாரமும்)



"மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்" என்று வகுப்பில் படிக்கிறோம். இந்தச் சின்னச் சூத்திரம் ஒரு விசைப்படகைக் கரை சேர்க்கும் என்றால் நம்புவீர்களா? வாங்க, பார்ப்போம்.

முன்பெல்லாம் படகில் ஒன்றிரண்டு பல்புதான். இப்போது ஜி.பி.எஸ்., மீன் இருக்கும் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ், தள விளக்கு, மின்விசிறி, எல்லார் செல்போனுக்கும் சார்ஜர்! 1 லட்சம் மீன்பிடி படகுகளில் செயற்கைக்கோள் வழியே பேசும் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டமும் 2024 ஆகஸ்ட் 30-இல் தொடங்கியது. கருவி கூடிக்கொண்டே போகுது. பேட்டரியும் டைனமோவும் மட்டும் பழசாகவே இருந்தால் என்னாகும்?

பேட்டரி செத்தால் வெளிச்சம் மட்டுமா போகும்? செல்ஃப் எடுக்காது. வயர்லெஸ் பேசாது. எல்லைக்கோடு எங்கே என்று ஜி.பி.எஸ். சொல்லாது. காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் படகு போகும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் குமரிக் கடலில் வீசியபோது, முன்பே கடலுக்குப் போயிருந்த பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கடலில் ஒரு செய்தியின் மதிப்பு என்ன என்று அன்றே தெரிந்தது.

முதல் வேலை: கணக்கு

ஒரு 12 வோல்ட் படகை எடுத்துக்கொள்வோம். இரவில் வலையை விரித்து, இன்ஜினை அணைத்து, 8 மணி நேரம் காத்திருக்கிறார்கள்.

தள விளக்கு 120 வாட் (120 ÷ 12) – 10 ஆம்பியர்
ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் – 2 ஆம்பியர்
வயர்லெஸ் (கேட்கும்போது) – 0.5 ஆம்பியர்
அடையாள விளக்குகள் – 2 ஆம்பியர்
விசிறி, சார்ஜர் – 3 ஆம்பியர்
மொத்தம் – 17.5 ஆம்பியர்

17.5 × 8 = 140 ஆம்பியர்-மணி. படகில் இருப்பதோ 120 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் சீக்கிரம் குறையும். ஆகவே நம் கையில் உள்ளது 60 தான். 60 ÷ 17.5 = சுமார் மூன்றரை மணி நேரம். விடிவதற்குள்ளேயே படுத்துவிடும்!

சிக்கனமே முதல் டைனமோ

வலை இழுக்கும்போதும் மீன் பிரிக்கும்போதும் மட்டும் தள விளக்கைப் போட்டால், 3 மணி நேரம் போதும். 10 × 5 = 50 மிச்சம். தேவை 140-லிருந்து 90 ஆகிவிடுகிறது. ஒரு சுவிட்சில் இவ்வளவு லாபம்! ஆனால் அடையாள விளக்கை ஒருநாளும் அணைக்கக் கூடாது. பெரிய கப்பலுக்கு நாம் அங்கே இருப்பதைச் சொல்வது அதுதான்.

பேட்டரி எவ்வளவு?

பாதிதான் எடுக்கலாம் என்பதால் 90 × 2 = 180 ஆம்பியர்-மணி வேண்டும். இது கருவிகளுக்கு. இன்ஜினைக் கிளப்ப ஒரு பேட்டரி தனியாக இருக்கட்டும். விளக்கும் விசிறியும் அதைத் தொடவே கூடாது. கருவி பேட்டரி காலியானாலும் இன்ஜின் கிளம்பும், வீடு வந்து சேரலாம். செலவு குறைவு, பலனோ பெரிசு.

இப்போது டைனமோ

நாம் டைனமோ என்கிறோமே, இன்றைய இன்ஜினில் உள்ள அதன் சரியான பெயர் ஆல்டர்னேட்டர். ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இதற்கும் அடிப்படை. உள்ளே பிறப்பது மாறுமின்னோட்டம். டையோடுகள் அதை நேர்மின்னோட்டமாக்கித் தருகின்றன.

எடுத்த 90-ஐத் திருப்பி நிரப்ப, இழப்பையும் சேர்த்து 108 கொடுக்க வேண்டும். இன்ஜின் 6 மணி நேரம் ஓடினால் 108 ÷ 6 = 18 ஆம்பியர். பகலில் ஓடும் கருவிகளுக்கு 5.5. ஆகமொத்தம் 23.5.

"35 ஆம்பியர் டைனமோ இருக்கே, போதுமே!" என்பீர்கள். அங்கேதான் விஷயம். மேலே எழுதியிருக்கும் அளவு வேகமாகச் சுற்றும்போது கிடைப்பது. மெதுவாக ஓடும்போதும், சூடேறிய பிறகும் குறையும். 60 சதவீதம் என்று வைத்தால் 35-க்கு 21 தான் தேறும். 60 ஆம்பியர் டைனமோ என்றால் 36 வரும். பேட்டரி நிறைய நிறைய மின்னோட்டத்தைக் குறைவாகவே வாங்கும் என்பதால் இந்தக் கூடுதல் தேவைதான்.

பெல்ட்டும் வயரும்

60 ஆம்பியர் × 14 வோல்ட் = 840 வாட். டைனமோவில் பாதி வீணாகிறது என்று கொண்டால், பெல்ட் இழுக்க வேண்டியது 1680 வாட், அதாவது இரண்டேகால் குதிரைத்திறன். தளர்ந்த பெல்ட் கீச்சென்று கத்தும், கருப்புத் தூள் கொட்டும்.

அடுத்து வயர். போக 3 மீட்டர், வர 3 மீட்டர் என்று வைப்போம். 6 சதுர மி.மீ. தாமிர வயரின் மின்தடை சுமார் 0.0175 ஓம். ஓம் விதிப்படி 60 × 0.0175 = 1.05 வோல்ட் வழியிலேயே போச்சு! டைனமோ 14.4 கொடுத்தாலும் பேட்டரிக்கு வருவது 13.35. அது நிறைய அதிக நேரம் பிடிக்கும். அதே தூரத்துக்கு 25 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு கால் வோல்ட் மட்டுமே. புது டைனமோ வாங்கிப் பழைய வயரிலேயே மாட்டுவது, பெரிய மோட்டார் வைத்து ஒல்லிக் குழாயில் தண்ணீர் இறைப்பது மாதிரி. வயர் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும்.

நினைவில் கொள்க

1. பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும்.
2. இன்ஜின் ஓடும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றக் கூடாது. டையோடு எரியும்.
3. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். பேட்டரிப் பெட்டிக்குக் காற்றோட்டம் தேவை. பக்கத்தில் பீடி, தீக்குச்சி ஆகாது.
4. பேட்டரிக்கு ஊற்றுவது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே.
5. உப்புக்காற்றில் முனைகள் பூத்துவிடும். துடைத்து, கிரீஸ் தடவவும்.

எனவே நண்பர்களே, கடைக்குப் போகும் முன் நோட்டை எடுங்கள். சுமை, பேட்டரி, டைனமோ, பெல்ட், வயர் என்ற ஐந்தும் ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி மெலிந்ததோ அங்கேதான் அறும். உங்கள் வீட்டில் படகு இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடும் மெக்கானிக் அண்ணனோடும் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

மூளைக்கு வேலை: 24 வோல்ட் படகில் 120 வாட் விளக்கு எத்தனை ஆம்பியர் எடுக்கும்? வயரில் வீணாகும் வோல்ட் கூடுமா, குறையுமா?
(விடை: 5 ஆம்பியர். மின்னோட்டம் பாதியாவதால், அதே வயரில் வீணாகும் வோல்ட்டும் பாதியாகும்.)


– பள்ளி இயற்பியல் மன்றம்