தேறி வரும் வழியை யார் எழுதுவது?

நம்பிக்கை: "மனநோய் வந்தவருக்குத் தன்னைப் பார்த்துக்கத் தெரியாது. எல்லாம் நாமதான் பார்க்கணும்."

உண்மை: மலேசியாவின் கெடா தோட்டங்களில் இதை அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் நோய் எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தெளிவாக இருக்கும் நாளில், நிலைமை முற்றினால் என்ன செய்வது என்று நோயாளியே எழுதி வைக்கலாம். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் 1997இல் இந்த முறையை உருவாக்கியவர்கள் மனநோயை அனுபவித்தவர்களே. முன்னின்றவர் மேரி எலன் கோப்லண்ட். அவருடைய தாய் 8 ஆண்டுகள் மனநல மருத்துவமனையில் இருந்து, தேறி வீடு திரும்பியவர். பின்னர் ஒஹாயோவில் கடும் மனநோய் உள்ள 519 பேரிடம் நடந்த ஆய்வில், இதைக் கற்றவர்களுக்கு நோய்க்குறிகள் குறைந்தன.

இந்தத் திட்டத்தை எழுத மளிகைக்கடையில் கடன் எழுதும் 555 புத்தகம் போதும். முதலில், நன்றாக இருக்கும்போது நான் எப்படி இருப்பேன்: விடியலில் எழுவேன், பசியாறிவிட்டு வேலைக்குப் போவேன். அடுத்து, என்னைக் குலைப்பது எது. பிறகு, சரிகிறேன் என்பதற்கான அடையாளங்கள்: இரண்டு இரவு தூக்கமில்லை, குளிக்கத் தோன்றவில்லை, போன் அடித்தாலும் எடுப்பதில்லை. கடைசியாக, கைமீறினால் எந்த ஆஸ்பத்திரி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பிள்ளைகளை யார் பார்ப்பது, யாரைக் கூப்பிடலாம், யாரைக் கூப்பிடக்கூடாது. இந்தக் கடைசி வரிதான் எழுதக் கடினமானது. ஆனாலும் எழுதியே ஆக வேண்டும். குடித்துவிட்டு வந்து சத்தம் போடும் மாமாவைவிடப் பக்கத்து வீட்டு மாக்சிக் பெரிய துணையாக இருக்கலாம்.

எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதலாம். வார்த்தைகள் மட்டும் அவருடையதாக இருக்கட்டும்.

நம்பிக்கை: "பட்டாளத்துல இருந்தவருக்கு என்ன பயம்?"

உண்மை: 1968 முதல் 1989 ஹட்யாய் உடன்படிக்கை வரை நீடித்த கம்யூனிஸ்ட் கிளர்ச்சியின்போது எல்லைக் காடுகளில் கண்ணிவெடிக்குக் கால் கொடுத்த வீரர்கள் உண்டு. கால் போனதை எல்லோரும் பார்த்தோம். நடுராத்திரியில் அலறி விழிப்பதை 'ராணுவப் பழக்கம்' என்று விட்டுவிட்டோம். அது தைரியக் குறைவு அல்ல, சிகிச்சை உள்ள ஒரு நோய். 21 ஆண்டு சேவை முடிக்காமல் ஓய்வூதியமின்றி வெளியே வந்தவர் ஜாகா வேலைக்குப் போனால், இரவு ஷிப்ட் இருக்கிற தூக்கத்தையும் கெடுக்கும். அவருடைய புத்தகத்தில் பகல் ஷிப்ட் கேட்பதும் ஒரு வரி. தீபாவளி வெடியும் ஒரு வரி: "தாத்தா, வெடிக்கப் போறோம்" என்று பேரன் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அந்த நேரம் சன்னல் சாத்திய அறையில் வானொலியுடன் இருக்கலாம். அமெரிக்காவில் முன்னாள் வீரர்கள் ஒன்றாக உட்கார்ந்தே இத்தகைய திட்டங்களை எழுதுகிறார்கள். நம் முன்னாள் வீரர் சங்கங்களும் இதைச் செய்யலாம்.

நம்பிக்கை: "எழுதி வச்சா மருந்து வேணாம்."

உண்மை: வேண்டும். மாத்திரையும் நேரமும் அதே புத்தகத்தில் இருக்கும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது.

நம்பிக்கை: "கிளினிக் போனா தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிதான்."

உண்மை: 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு. பெரும்பாலோர் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம். அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்த, தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும் 2023இல் நீக்கப்பட்டது. போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் உதவி எண் 15555. புத்தகத்தின் அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.