வர்த்தகச் சங்கமும் வருமான வரி விலக்கும்

மாணவர்களே, வியாபாரிகளின் சங்கம் ஒன்று தரும தாபனமாகக் கருதப்பட முடியுமா? "முடியாது, அது இலாபம் பெறுகின்றது" என்றே பலர் எழுதுவர். இவ்விடைக்குப் புள்ளி கிடைப்பது அரிது. இலாபம் பெறுதல் வேறு, அதனைப் பங்கிட்டுக் கொள்ளுதல் வேறு.

இந்திய உதாரணத்தைப் பாருங்கள் (இலங்கைச் சட்டத்துடன் கலந்து எழுத வேண்டாம்). அந்நாட்டின் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் ஏழைகளுக்கு உதவுதல், கல்வி, வைத்திய உதவி ஆகியவற்றோடு பொதுப்பயன் தரும் ஏனைய நோக்கங்களையும் தருமமாக ஏற்றது. ஆனால் இறுதி வகையில் இலாபம் தேடும் செயற்பாடு இருத்தலாகாது என அன்று நிபந்தனை இருந்தது.

சூரத் நகரச் செயற்கைப் பட்டுத்துணி உற்பத்தியாளர் சங்கம், அங்கத்தவருக்கு நூல் இறக்குமதி அனுமதிப்பத்திரம் பெற்றுக்கொடுத்துத் தரகு பெற்றது. அத்தரகுக்கு வரி உண்டா என்பதே வழக்கு. 1979இல் இந்திய உச்ச நீதிமன்றம் விலக்கு உண்டு எனப் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. சங்கத்தின் பிரதான நோக்கம் அத்தொழிலை வளர்ப்பது. கிடைத்த பணத்தை அங்கத்தவர் பங்கிட விதிகள் இடமளிக்கவில்லை.

விடையை இத்துடன் நிறுத்திவிடாதீர்கள். 2008இல் சட்டம் திருத்தப்பட்டு, கட்டணம் பெற்று வியாபாரத் தன்மையான சேவை வழங்குவது கட்டுப்படுத்தப்பட்டது. 2015இன் திருத்தம் அவ்வரவுக்கு மொத்த வரவில் 20% என எல்லையிட்டது. பிரதான நோக்கத்தை மட்டும் பார்ப்பது இத்திருத்தங்களின் பின் போதாது என 2022இல் அதே நீதிமன்றம் கூறியது. செலவை ஈடுசெய்யுமளவு கட்டணம் வியாபாரமன்று. செலவிலும் கணிசமாகக் கூடினால் வியாபாரமே.

பயிற்சி: சங்கமொன்றின் வரவு ரூபா 50 இலட்சம். அதில் 15 இலட்சம், செலவைப் போல் இருமடங்கு கட்டணம் அறவிட்ட கருத்தரங்குகளால் வந்தது. 2022 தீர்ப்பின்படி விலக்குக் கிடைக்குமா? காரணம் தருக.